காக்கா பிடிக்கத் தெரியாதவன் மேலே வர வழி உண்டா?

நெடுவழி:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். வேலையில் குறை சொல்ல இடம் வைத்ததில்லை. போன மாதம் பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு ஆள் எடுத்தபோது எனக்கு 5 வருடம் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் மேலாளரிடம் நேராகவே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முடிவு பண்ண உட்கார்ந்தது 5 பேர். என்னைத் தவிர 3 பேருக்கு நீ யாரென்றே தெரியவில்லையப்பா. நாலாவது ஆள் தெரியும் என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒருத்தன் எவ்வளவுதான் பேசுவது?"

சரி, ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல என்று ஒரு தொழில்துறைக் கருத்தரங்குக்குப் போனேன். 23 விசிட்டிங் கார்டு வாங்கி வந்தேன். எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். ஒருவர் மட்டும் "நன்றி" என்று பதில் போட்டார், அவ்வளவுதான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, யாரையும் புகழவும் வராது. இப்படிப்பட்டவனுக்கு வழி ஏதாவது இருக்கிறதா, இல்லை இதுதான் நம் எல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டியதுதானா?

கரிச்சான்:

உட்கார்ந்துவிடுங்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். "தொடர்புகளை வளர்த்துக்கொள்" என்று சொல்வதெல்லாம் ஜால்ரா அடிப்பதற்கு நாகரிகமான பெயர். என் பழைய அலுவலகத்தில் ஒருவர் இயக்குநரின் பையைத் தூக்கிக்கொண்டே இரண்டு பதவி மேலே போனார். வேலை என்று எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. நாம் எல்லாம் உழைத்தே தேய வேண்டியதுதான்.

பழைய_கோப்பு:

மனிதவளத் துறையில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன், அந்த மாதிரிக் கூட்டங்களில் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கரிச்சான் சொல்வது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நெடுவழிக்கு நடந்தது அது இல்லை என்று நினைக்கிறேன்.

பதவி உயர்வுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பெயருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். மேலாளர் பேசுவார். அவர் தன் ஆளை நல்லவர் என்றுதான் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் குறைவு. அப்புறம் யாராவது ஒருவர் கேட்பார்: "வேறு யாருக்காவது இவரோடு வேலை செய்த அனுபவம் உண்டா?" முடிவு பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரும் சில நொடிகளில்தான் இருக்கிறது. "ஆமாம், அந்த இயந்திரம் நின்றபோது இவர்தான் ராத்திரி வந்து பார்த்தார்" என்று வேறு துறைக்காரர் ஒருவர் சொன்னால் போதும். யாரும் வாய் திறக்காவிட்டால் ஆள் மேல் வெறுப்பு என்று அர்த்தமில்லை, அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

பார்க்காததைச் சொல்பவர் சிபாரிசு செய்கிறார், பார்த்ததைச் சொல்பவர் சாட்சி சொல்கிறார். உங்களுக்குச் சிபாரிசு வேண்டாம், சாட்சி வேண்டும். 11 வருடம் வேலை செய்தும் அதைப் பார்த்தவர் ஒரே ஒரு மேலாளர் என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. அந்த 23 கார்டில் ஒருவராவது உங்கள் வேலையைப் பார்த்தவரா?

ஒரு கேள்வி. அந்த நாலாவது ஆள் யார்? "தெரியும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாரே, அவர்.

நெடுவழி:

உற்பத்திப் பிரிவுத் தலைவர். அவரோடு நேரில் பேசியதே இல்லை. என் மெயில்கள் அவருக்குப் போகும், அவ்வளவுதான்.

பழைய_கோப்பு:

என்ன மெயில்கள்?

நெடுவழி:

ரிஜெக்‌ஷன் அறிக்கை. ஒரு லாட், அதாவது ஒரு தொகுதியாகச் செய்த பொருட்கள், தேறவில்லை என்றால் அனுப்புவது. போன வாரம் அனுப்பியதை அப்படியே போடுகிறேன், உள் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"மேற்படி லாட் நிராகரிக்கப்படுகிறது. இதே குறை மூன்றாவது முறையாக ஏற்பட்டுள்ளது. உற்பத்திப் பிரிவினரின் கவனக்குறைவே காரணம். உடனடி நடவடிக்கை தேவை."

நகல் என் மேலாளருக்கும், உற்பத்தித் தலைவருக்கும், ஆலை மேலாளருக்கும்.

இதை இங்கே ஒட்டும்போதே எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சும்மா_பார்ப்பவன்:

ஐயோ நண்பா. நான் உற்பத்திப் பிரிவுக்காரன். இந்த மெயில் வந்தால் அனுப்பியவர் பெயரைச் சாகும்வரை மறக்க மாட்டேன், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

இரவுப்பணி:

நான் மருத்துவமனையில் செவிலியர், இப்போது தரச்சான்று ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். என் கதை இதோடு சேரும் என்பதால் சொல்கிறேன்.

இரவு ஷிஃப்டில் எங்களுக்கும் ஆய்வகத்துக்கும் தினமும் சண்டை. மாதிரியைத் திருப்பி அனுப்புவார்கள், லேபிள் சரியில்லை, ரத்தம் உறைந்துவிட்டது, குழாய் மாறிவிட்டது என்று. எங்கள் பக்கம் அவர்களைத் திட்டுவோம், அவர்கள் எங்களைத் திட்டுவார்கள், காலையில் இரண்டு புகார்ப் புத்தகத்திலும் ஒரு பக்கம் நிறையும். ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்த நேரத்தில் நானே கீழே இறங்கிப் போய், "எங்கே தப்பு நடக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டேன். ஆய்வகப் பொறுப்பாளர் முதலில் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார். அப்புறம் திருப்பி அனுப்பிய குழாய்களை வரிசையாக வைத்துக் காட்டினார். உறைந்ததெல்லாம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய்கள். எடுத்தவுடன் மெதுவாகச் சில முறை கவிழ்த்து நிமிர்த்தி அந்த மருந்தை ரத்தத்தோடு கலக்க வேண்டும். அவசரத்தில் நாங்கள் அப்படியே ஸ்டாண்டில் வைத்துவிடுகிறோம். மேலே போய் எல்லோருக்கும் செய்து காட்டினேன். திரும்பி வருவது பாதிக்கு மேல் குறைந்தது. "ஆய்வகத்தார் காட்டித் தந்தது" என்று ஷிஃப்ட் குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன், மேட்ரன் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

அவ்வளவுதான் எங்கள் உறவு. அவர் குடும்பம் எனக்குத் தெரியாது, என் குடும்பம் அவருக்குத் தெரியாது. 3 வருடம் கழித்து அவர் வேறு மருத்துவமனைக்குப் போனார், அங்கே ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டபோது எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் யாருக்கும் ஐஸ் வைக்கவில்லை. கீழே இறங்கிப் போனேன், அவ்வளவே.

மூன்றாம்_வரிசை:

இந்த இடத்தில் கொஞ்சம் ஆராய்ச்சி பேசிக்கொள்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், வருடம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவருக்குத்தான் நம் காதுக்கு வராத செய்தி தெரியும் என்பது அவர் விளக்கம். மாதிரி சின்னது, வெறும் 54 பேர். ஆனால் 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட பயனர்களை வைத்து 5 ஆண்டுக் காலச் சோதனைகளைப் பார்த்தது. அதிலும் வேலை மாற நெருக்கமானவர்களைவிட ஓரளவு தளர்ந்த தொடர்புகள்தான் அதிகம் உதவின. ஓரளவு என்பதைக் கவனியுங்கள். முற்றிலும் அறிமுகமற்ற ஆள் என்ற எல்லைக்குப் போனால் பயன் மறுபடி குறைகிறது.

பலர் இதைப் படித்துவிட்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இணைப்புக் கோரிக்கை அனுப்பக் கிளம்பிவிடுகிறார்கள். கிரானோவெட்டர் சந்தித்தவர்களுக்கு உதவியவர்களில் நிறையப் பேர் பழைய சகா, பழைய முதலாளி, கல்லூரியில் கூடப் படித்தவர் என்ற வகை. அதாவது ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், இப்போது தூரமாகிவிட்டவர்கள். பழைய_கோப்பு சார் சொன்ன சாட்சிகள்தான். நெடுவழி, உங்கள் 11 வருடத்தில் இடம் மாறிப் போனவர்கள் எத்தனை பேர்? அந்தப் பட்டியல் உங்கள் 23 கார்டைவிடப் பெறுமதியானது.

கரிச்சான்:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு? வேலை முடிந்து மாலைக் கூடுகைக்குப் போக முடிகிறவனுக்கு. வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையில் பெற்றோரோ இருப்பவர் என்ன செய்வார்? பெரிய கல்லூரியில் படித்தவனுக்குக் கூடப் படித்தவனே இயக்குநராக இருப்பான், எனக்குக் கூடப் படித்தவனும் என்னைப் போலத்தான் இருக்கிறான். தொடர்பு இருப்பவனுக்கே தொடர்பு சேரும். இதற்கு உங்கள் ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மூன்றாம்_வரிசை:

நீங்கள் சொல்வது சரி, அதற்கு ஆராய்ச்சி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தவர் வழியாகவே ஆள் எடுக்கும் நிறுவனத்தில் ஏற்கெனவே இருப்பவர்களைப் போன்றவர்களே மேலும் மேலும் வருவார்கள். நிறுவனம் தன் முறையை மாற்றினால்தான் அது தீரும், தனி ஆளின் சாமர்த்தியத்தால் தீராது.

இரவுப்பணி:

கரிச்சான் தம்பி, மாலைக் கூடுகைக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் மேலே சொன்னது முழுக்கச் சம்பளம் வாங்கும் நேரத்துக்குள் நடந்தது. வேலை நேரத்தில் 15 நிமிடம், அதுவும் இரண்டு மாடி கீழே. நீங்கள் சொல்லும் அநியாயம் இருக்கவே இருக்கிறது, அதற்காக அந்த 15 நிமிடத்தையும் விட்டுவிட வேண்டுமா என்ன?

நெடுவழி:

நேற்று ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டேன். 11 வருடத்தில் கூட வேலை செய்து வெளியே போனவர்கள், முகம் ஞாபகம் இருப்பவர்கள் மட்டும், 19 பேர். அதில் ஒருவர் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். அவர் போய் 6 வருடம் ஆகிறது, இதுவரை ஒரு செய்திகூட அனுப்பியதில்லை. இப்போது போய் நின்றால் காரியத்துக்காக வந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டாரா? ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமா? தங்களைத் தொடர்புகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன். தற்போது அடுத்த நிலைக்கு உயர விரும்புகிறேன். தங்கள் மேலான வழிகாட்டலும் ஆதரவும் வேண்டும். தங்கள் நிறுவனத்தில் தகுந்த வாய்ப்பு இருப்பின் தெரிவிக்கவும். தற்குறிப்பை இணைத்துள்ளேன்."

பழைய_கோப்பு:

அனுப்பிவிடாதீர்கள்!

முதல் தப்பு, இது யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். வேலை சொல்லிக்கொடுத்த மனிதருக்கும் நேற்றுக் கார்டு கொடுத்தவருக்கும் ஒரே கடிதமா? அவருக்கும் உங்களுக்கும் நடுவே நடந்த ஒன்று அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, "வழிகாட்டலும் ஆதரவும்" என்றால் அவர் என்ன செய்வது? பதில் எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது, அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைப்பார், அதோடு போச்சு. மூன்றாவது, அவர் கேட்காத தற்குறிப்பு. அதை இணைத்த நொடியில் மேலே எழுதிய நலம் விசாரிப்பு எல்லாம் முன்னுரையாகிவிடுகிறது.

மன்னிப்பைச் சின்னதாக வையுங்கள். 6 வருடம் பேசாமல் இருந்தது நீங்கள் மட்டும் இல்லை, அவரும்தான். கேட்பது ஒன்றே ஒன்றாக, அவருக்குப் பதில் தெரிந்ததாக, பத்து நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும். வேலை கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தச் செய்தியில் வேண்டாம். வேலைதான் வேண்டும் என்றால் ஒளிக்காமல் அதையே கேளுங்கள், நலம் விசாரிக்கிற சாக்கில் கேட்பதுதான் அசிங்கம்.

அவர் கற்றுக்கொடுத்ததில் இன்னும் கையில் இருப்பது என்ன?

நெடுவழி:

தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்பது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை விரல் முடிவு செய்யக்கூடாது, அதன் முனையில் இருக்கும், அழுத்தம் போதுமானதும் நழுவிச் சுற்றும் ராட்செட்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்பார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பழைய_கோப்பு:

அதை எழுதுங்கள். வேறு ஒன்றும் தேடாதீர்கள்.

மூன்றாம்_வரிசை:

காரியத்துக்காக வந்தான் என்று நினைப்பாரோ என்கிற பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். 2008-இல் ஃப்ளின், லேக் என்ற இருவர் எழுதிய ஆய்வு உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி கேட்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். கடைசியில் நினைத்ததில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கேட்டதிலேயே வேலை முடிந்தது. தெரியாதவரே அப்படி இருக்கும்போது சொல்லிக்கொடுத்தவர் என்ன விரட்டவா போகிறார்? மறுக்கத்தான் அவருக்கும் சங்கடமாக இருக்கும். அதனாலேயே சின்னதாகக் கேட்பது மரியாதை.

பேச்சு விட்டுப்போன பழைய தொடர்புகளைப் பற்றித் தனியாகவே 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. நிர்வாகிகளை, வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களிடம் தங்கள் வேலைச் சிக்கல் ஒன்றைப் பற்றிக் கேட்கச் சொன்னார்கள். கிடைத்த யோசனைகள் இப்போது தொடர்பில் இருப்பவர்கள் சொன்னதற்குக் குறைந்தவை இல்லை. விட்ட இடத்தில் நம்பிக்கை அப்படியே இருக்கிறது, அவர் பார்த்த உலகம் மட்டும் மாறியிருக்கிறது.

சும்மா_பார்ப்பவன்:

நான் ஒரு தப்பைச் சொல்கிறேன், யாரும் செய்யாதீர்கள். நண்பர் ஒருவர் என்னைத் தன் பழைய நிறுவனத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். நேர்முகம் போனேன், கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவரிடம் சொல்லவே இல்லை. என்ன ஆயிற்று என்று அங்கிருந்து வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. "கிடைக்காததில் எனக்கு ஒன்றுமில்லை, உனக்காக என் பெயரைக் கொடுத்தேன், முடிவைக்கூடச் சொல்லாமல் விட்டாயே" என்றார். அதற்கப்புறம் வேறொருவருக்கு அறிமுகம் கேட்டேன், பதில் வரவில்லை. நியாயம்தானே.

பழைய_கோப்பு:

எத்தனையோ உறவுகள் முறிந்தது இதனால்தான். கிடைத்ததோ இல்லையோ, உதவியவருக்கு அன்றைக்கே இரண்டு வரி போய்விட வேண்டும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தால் நல்லது செய்வதாக நினைத்து இருவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்.

நெடுவழி (3 வாரம் கழித்து):

அப்புறம் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

பழையவருக்கு அனுப்பியது இதுதான்: "அண்ணா, நேற்று ஒரு புதுப் பையனுக்கு ராட்செட்டை விளக்கும்போது உங்கள் குரலிலேயே பேசிவிட்டேன், அவன் சிரித்தான். 6 வருடமாகக் கூப்பிடவில்லை, தப்பு என்னுடையது. ஒன்று கேட்க வேண்டும்: பரிசோதகர் வேலையிலிருந்து பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நீங்கள் மாறியபோது முதலில் எதில் தடுமாறினீர்கள்? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்."

மறுநாள் 7 நிமிடக் குரல் செய்தி வந்தது. பாதி பழைய கதை. கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: "உன் கையால் அளந்ததை மட்டும் நம்புகிற பழக்கத்தை விடுவதற்குத்தான் கஷ்டப்பட்டேன்." வேலை எதுவும் அவர் நிறுவனத்தில் இப்போது இல்லை என்று நான் கேட்காமலே சொன்னார். அப்புறம் அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். அங்கே ஒரு அளவுச் சோதனையில் ஒரே துண்டுக்கு ஆளுக்கு ஆள் வேறு அளவு வருகிறதாம், மொத்த ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் அளவு முறையின் ஏற்ற இறக்கம் மட்டும் 34 சதவீதம் காட்டுகிறதாம். 10-க்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த முறையையே ஏற்க முடியாது என்பது எங்கள் துறையில் வழக்கமான கணக்கு. விவரத்தாளை அனுப்பச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேரில் ஒருவர் அளவு மட்டும் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ராட்செட்டைப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள் என்றேன். பயன்படுத்தவில்லை! அவர் சிரித்த சிரிப்பு எனக்குக் காதில் இன்னும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். அடுத்த லாட் தேறாதபோது மெயில் எழுதுவதற்கு முன் உற்பத்திப் பக்கம் நடந்து போனேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், முதல் தடவை அவ்வளவுதான். இரண்டாவது தடவை, கருவி தேய்ந்துவிட்டது, மாற்றுக் கேட்டு எழுதி ஒரு மாதம் ஆகிறது, வரவில்லை என்றார். என் அறிக்கையில் "கவனக்குறைவு" என்பதை எடுத்துவிட்டு, கருவித் தேய்மானம், மாற்றுக் கேட்ட தேதி, அதைக் கவனித்துச் சொன்னவர் அவர் என்று எழுதினேன். நகல் அதே ஆட்களுக்குத்தான். புதுக் கருவி 4 நாளில் வந்தது. உற்பத்தித் தலைவர் பதில் போட்டார், 11 வருடத்தில் முதல் தடவை. "சரி" என்று ஒரு வார்த்தை.

பதவி உயர்வு எதுவும் வரவில்லை, அடுத்து எப்போது என்றும் தெரியாது. பட்டியலில் இன்னும் 18 பேர் இருக்கிறார்கள். மாதம் இரண்டு பேருக்கு மேல் எழுத என்னால் ஆகாது, ஆளுக்கு ஆள் யோசிக்க வேண்டியிருக்கிறதே.

கரிச்சான்:

என் கருத்தில் மாற்றம் இல்லை, பை தூக்கியவர் இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். இருக்கட்டும். எனக்கும் 4 வருடமாகப் பேசாத ஒருவர் இருக்கிறார், என்னுடைய முதல் மேலாளர், கொஞ்சம் மனக்கசப்பில் பிரிந்தோம். அப்படிப்பட்டவருக்கு முதல் வரி என்ன எழுதுவது?

பழைய_கோப்பு:

மனக்கசப்பு யார் பக்கம்?

கரிச்சான்:

முக்கால்வாசி என் பக்கம்தான் சார்.

பழைய_கோப்பு:

அப்படியென்றால் முதல் வரி அதுதான். வரைவை இங்கே போடுங்கள், தற்குறிப்பு இல்லாமல்.